சாயாத வண்டி, முறுகும் கம்பி

வளைவில் கார் ஒருபக்கமாகச் சரிவதைத் தடுக்கும் கம்பிக்குக் கனடாவின் ஃபிரடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் 1919இல் காப்புரிமை பெற்றார். ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். 88 ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே கனடாவின் பிஆர்பி நிறுவனம் கேன்-ஆம் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியபோது, கார் சாமானான இந்தக் கம்பி மோட்டார் சைக்கிளுக்கும் அவசியமாயிற்று. மூன்று சக்கரம் என்றதும் ஆட்டோவை நினைக்க வேண்டாம். இதற்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. 1959இல் வந்த, பிஆர்பி குடும்பத்தின் ஸ்கி-டூ பனிவண்டிக்கும் முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ஒரே பட்டை. குடும்பச் சாயல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஸ்பைடருக்கு ஓராண்டு முன்பே வந்த பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டருக்கும் முன்சக்கரம் இரண்டுதான். ஆனால் அது வளைவில் இருசக்கர வண்டிபோல உள்ளே சாயும். ஸ்பைடர் சாயாது; காரைப்போல உடல் வெளிப்பக்கம் அமுங்கும். காரில் இருப்பவரைக் கதவும் இருக்கையும் தாங்கிக்கொள்ளும். இங்கே முக்கியப் பிடிமானம் ஹேண்டில்பார்தான். வலப்பக்கம் திரும்பினால் ஓட்டுபவர் இடப்பக்கம் தள்ளப்படுகிறார், விழாமலிருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார், அந்தப் பிடியே வண்டியைத் திருப்பியும் விடுகிறது. ஸ்பைடர்காரர்கள் தடித்த ஸ்வே பார் தேடிப் போனதை வெறும் அலங்கார ஆசை என்று தள்ள முடியாதது இதனால்தான். சாயாத மோட்டார் சைக்கிள் என்ற முடிவே அந்தக் கம்பியைக் கேட்டு வாங்குகிறது.

கம்பியின் நடுப்பகுதி சட்டத்தில் ரப்பர் புஷ்களுக்குள் சுழலும். இரு முனைகளும் லிங்க் என்ற சிறு இணைப்புத் தண்டு வழியாக இடவல சஸ்பென்ஷன் கைகளைப் பிடித்திருக்கும். இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் கூடுவதால், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினாலே அது சுமார் 46 சதவீதம் விறைப்பாகிவிடும். லிங்க் தொளதொளவென்று இருந்தால் இந்தக் கணக்கு வீண். அதனால்தான் கம்பியோடு லிங்க்கையும் சேர்த்து மாற்றுகிறார்கள்.

முன்பக்கக் கம்பியைத் தடிக்க வைத்தால் முன்சக்கரங்கள் பிடிப்பு இழந்து வண்டி நேரே ஓடும் என்பார் கார் மெக்கானிக். காருக்கு அது சரி: முன்பக்கம் விறைத்தால், வளைவில் வெளிப்பக்கம் போகும் எடை மாற்றத்தில் பின் சக்கரங்களின் பங்கிலும் ஒரு பகுதி முன்னால் வந்துவிடும். ஸ்பைடரின் ஒற்றைப் பின்சக்கரத்துக்கு அப்படியொரு பங்கே கிடையாது. முழு எடை மாற்றமும் எப்போதும் முன்ஜோடியின் மேல்தான். கம்பி தடித்தாலும் அந்த மாற்றம் கூடுவதில்லை, சரிவுதான் குறைகிறது. மின்னணு நிலைப்பு அமைப்பு இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. அது எஞ்சின் விசையைக் குறைத்து, சக்கரத்தைத் தனித்தனியாகப் பிரேக் பிடிக்கும். நிலைமை எல்லை மீறும்போதுதான் தலையிடும். சாதாரண வளைவில் உடல் சரிவது அதன் வேலைக்குள் வராது. கவிழும் எல்லையைக் கம்பியும் பெரிதாக நகர்த்தாது. அதை முடிவு செய்வது சக்கரங்களின் இடைவெளியும் எடைமையத்தின் இடமும் உயரமுமே. ஒரு குறை மட்டும் உண்மைதான்: ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் தடித்த கம்பி அந்த உதறலை மறுபக்கத்துக்கும் கடத்தும். மோசமான சாலையில் ஓட்டுபவர் பழைய கம்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.