‘உடம்பு ஏலாமல் கிடக்கு’: தீராத களைப்பைப் புரிந்துகொள்ளல்

காணி, நுண்கடன், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எதைப் பற்றிக் கேட்கப் போனாலும், வன்னியில் பேச்சின் நடுவே ஒரு வசனம் வந்துவிடுகிறது: “முந்தி மாதிரி இல்லைப் பிள்ளை, உடம்பு ஏலாமல் கிடக்கு.” இதைச் சொல்பவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டாத பெண்கள். வீட்டையும் கூலிவேலையையும் தனியே சுமப்பவர்கள். ஊரில் இவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் ‘பஞ்சி’. கிளினிக்கில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் “யோசிக்கிறதைக் குறையுங்கோ.”

இரண்டுமே பிழையாக இருக்கலாம். களைப்பு பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அதோடு, நாட்பட்ட களைப்புக் கூட்டறிகுறி என்று தனியாகவே ஒரு நோயும் உண்டு. எது எதுவென்று பிரித்தறியாமல் ‘எழும்பி நடந்தால் சரியாகும்’ என்று சொல்வது சிலருக்கு மருந்து, வேறு சிலருக்கு நஞ்சு.

முதலில் பார்க்க வேண்டியவை

மாதக்கணக்கில் களைப்பு நீடித்தால் முதலில் தேட வேண்டியது சிகிச்சை உள்ள காரணங்களைத்தான். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, சிறுநீரக நோய், காசநோய், மனச்சோர்வு, குறட்டையுடன் மூச்சுத் தடைப்படும் நித்திரைக் கோளாறு ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னால் வருவன. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் உங்கள் களைப்பை விபரமாகச் சொல்லுங்கள். எந்த இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் தேவை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். காய்ச்சல், உடல் மெலிதல், இரவில் வியர்த்தல், நீங்காத இருமல் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

போரைக் கடந்தவர்கள் இன்னொன்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்: உடம்பில் சன்னமோ உலோகத் துண்டோ இன்னும் இருக்கிறதா என்பதை. ஈயம் கலந்த துண்டு, குறிப்பாக மூட்டுக்குள் தங்கியிருந்தால், பல ஆண்டுகள் கழிந்தும் ஈயம் இரத்தத்தில் கலக்கலாம். களைப்பு, வயிற்றுவலி, இரத்தச்சோகை அதன் அறிகுறிகள். எல்லாத் துண்டுகளிலும் ஈயம் இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்கலாம்.

நோயின் அடையாளம்

1955இல் லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் பணியாளர்கள் பெருந்தொகையாக நோயுற்று, பலர் நீண்டகாலம் எழும்ப முடியாமல் கிடந்தனர். இந்த நோயின் நவீன வரலாறு அங்கிருந்துதான் பேசப்படுகிறது. 1969இல் உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. ‘நாட்பட்ட களைப்புக் கூட்டறிகுறி’ என்ற பெயர் 1988இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரில் ‘களைப்பு’ மட்டும் இருந்ததாலேயே பலர் இதை இலேசாக எடுத்துக்கொண்டார்கள்.

2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வரையறுத்தபடி, வளர்ந்தவர்களில் மூன்று விடயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, முன்பு செய்த வேலைகளைச் செய்யமுடியாத அளவு களைப்பு, ஆறு மாதத்துக்கு மேல். இரண்டு, சிறு முயற்சிக்குப் பின்னும் நிலைமை மோசமாதல். மூன்று, எவ்வளவு நித்திரை கொண்டாலும் தெளியாமை. இவற்றுடன் ஞாபகமும் யோசனையும் மந்தமாதல், அல்லது எழுந்து நின்றால் தலைச்சுற்றும் படபடப்பும் வருதல், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கிய அடையாளம். இன்று கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறீர்கள், அந்த நேரம் சமாளித்துவிடுகிறீர்கள். நாளை, அல்லது நாளை மறுநாள், காய்ச்சல் வந்தது போல் விழுந்துவிடுகிறீர்கள். மீள நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கின்றன. பலருக்கு இது ஒரு தொற்றுக்காய்ச்சலின் பின் தொடங்குகிறது. கொவிட்டுக்குப் பின் உலகெங்கும் இந்த நோய் மீண்டும் பேசுபொருளானதும் அதனால்தான்.

போரும் மனமும்

எங்கள் சமூகத்தில் மனக்காயம் உடல்நோவாக வெளிப்படுவதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். இழப்பின் துயரமும் மனச்சோர்வும் களைப்பாக வருவது உண்மை. அதற்கு உளநலச் சிகிச்சை பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் போரைக் கண்டவரின் எல்லாக் களைப்பும் மனதிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டவும் கூடாது. 1990–91 வளைகுடாப் போரில் பணியாற்றிய ஏறத்தாழ 7 இலட்சம் அமெரிக்கப் படையினரில் பலர் களைப்பு, வலி, ஞாபகமறதி என்று முறையிட்டபோது அது மன அழுத்தம் என்றே ஒதுக்கப்பட்டது. குறைந்தது நான்கில் ஒருவருக்கு இது உண்மையான நோய் என்று 2008இல்தான் அரசு நியமித்த ஆய்வுக்குழு அறிவித்தது.

பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: “உடம்பு விட்டால் என்ன செய்ய ஆசை?” மனச்சோர்வில் பெரும்பாலும் ஆசையே வற்றிவிடும், மெதுவான நடை உதவக்கூடும். இந்த நோயில் ஆசை இருக்கும், உடம்பு விடாது, நடை கூடினால் வீழ்ச்சி வரும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம். எனவே இறுதி முடிவு வைத்தியருடையது.

சக்தியைச் சிக்கனமாகச் செலவழித்தல்

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறலாம் என்று 2011இல் பிரித்தானிய ஆய்வொன்று சொன்னது. நோயாளரும் ஆய்வாளர் பலரும் அதைக் கடுமையாக மறுத்தார்கள். 2021இல் நைஸ் எனப்படும் பிரித்தானிய வழிகாட்டல் நிறுவனம், அந்தச் சிகிச்சையை இந்நோயாளருக்கு வழங்கவேண்டாம் என்று அறிவித்தது. அதற்குப் பதிலாக அது சொல்வது சக்தி முகாமைத்துவம்: உடம்பில் உள்ள சக்தியைச் சம்பளக்காசு போல் எண்ணிச் செலவழித்தல்.

- இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் செய்த வேலை, நித்திரை, அடுத்த இரு நாட்களின் நிலை மூன்றையும் குறியுங்கள். உங்கள் எல்லை எதுவென்று அதில் தெரியும்.
- களைத்த பின் ஓயாமல், களைக்க முன் ஓயுங்கள்.
- தேங்காய் துருவுதல், மரக்கறி வெட்டுதல், உடுப்பு மடித்தல் எல்லாவற்றையும் இருந்தபடி செய்யுங்கள்.
- குடத்தை அரைவாசி நிரப்புங்கள். ஒரு நாளில் எல்லா உடுப்பையும் தோய்க்காமல் பிரித்துக்கொள்ளுங்கள்.
- சுகமாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலை முழுவதையும் செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். அதுதான் அடுத்த வீழ்ச்சியைக் கொண்டுவரும்.

சாப்பாடு

எந்த உணவும் இந்த நோயை மாற்றாது. ஆனால் போசாக்குக் குறைந்தால் உள்ள களைப்பு இரட்டிப்பாகும். சோறும் சொதியும் மட்டும் போதாது. ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, சூடை இவற்றில் ஏதாவது ஒன்று சேரட்டும். முருங்கையிலையும் குரக்கனும் வீட்டுக்கு எட்டிய நல்ல உணவுகள். இலைக்கறிக்குத் தேசிப்புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டுடன் தேத்தண்ணீர் குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணீர், கோப்பி இரண்டும் நித்திரையைக் கெடுக்கும்.

விற்றமின் பி12 இயற்கையாக மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர்களும், நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களும் வைத்தியரிடம் இதைக் கேளுங்கள். சமைக்கவே ஏலாத நாளுக்கு அவித்த பயறு, வாழைப்பழம், முட்டை போன்றவற்றை யோசித்து வையுங்கள். சிறுகச் சிறுகச் சாப்பிடுவது பலருக்கு ஒத்துவரும். விரதகாலத்தில் முழுப்பட்டினி வேண்டாம், பாலும் பழமுமாவது எடுங்கள்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் அனுப்பும் விற்றமின் போத்தல்கள் பல வீடுகளில் அலுமாரி நிறைய இருக்கின்றன. அன்பு அதில் இருக்கிறது, ஆபத்தும் இருக்கலாம். விற்றமின் பி6 கூடிய அளவில் நீண்டகாலம் எடுத்தால் நரம்புகளையே பாதிக்கும். குழந்தைகள் இரும்புக் குளிசைகளை எடுத்து விழுங்கினால் உயிராபத்து. குறைபாடு உறுதியானால் மட்டும், சொன்ன அளவில் எடுங்கள். ‘களைப்புக்குக் கைகண்ட மருந்து’ என்று விற்கும் ரொனிக்குகளுக்குக் கடன்பட வேண்டாம்.

எழுந்து நிற்கும்போது படபடப்பவர்கள், படுத்த நிலையிலும் நின்று பத்து நிமிடத்துக்குள்ளும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். துடிப்பு 30க்கு மேல் கூடினால் அது வைத்தியர் கவனிக்க வேண்டிய செய்தி. தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். உப்பைக் கூட்டுவதை, குறிப்பாகப் பிரஷரோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், தாங்களாகச் செய்யவே கூடாது.

வீட்டாருக்கு

இரத்தப் பரிசோதனை ‘நோர்மல்’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. இந்த நோயைக் காட்டும் தனிப் பரிசோதனை இன்னும் இல்லை. கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். “களைப்பு” என்று மட்டும் சொல்லாமல், “ஞாயிறு உடுப்புத் தோய்த்தேன், திங்களும் செவ்வாயும் எழும்பவில்லை” என்று சொல்லுங்கள். வீட்டில் ஒருவராவது கூடப் போனால் நல்லது. வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சிலர் காலப்போக்கில் தேறுகிறார்கள், பலர் நோயோடு வாழப் பழகுகிறார்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் ஒரு பெண்ணுக்கு ‘ஓய்வெடு’ என்று அறிவுரை சொல்வது இலகு. அவளுடைய தண்ணீர்க்குடத்தை யாராவது தூக்கினால்தான் அந்த ஓய்வு நடக்கும்.