நட்சத்திரம் போட்ட கேள்வி

1720இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் ஏறிய வேகத்திலேயே சரிந்தன. லண்டனில் பலர் சொத்தை இழந்தார்கள். கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் சந்தடியில்லாமல் கடல் கடந்துவிட்டார். அவர் பிரஸ்ஸெல்ஸில் பிடிபட்டதாகப் பேசிக்கொள்கிறார்களே, அது உண்மையா என்று 1721 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் கூப்பர் பிரபு எழுந்து அரசைக் கேட்டார். பதிவில் உள்ள முதல் நாடாளுமன்றக் கேள்வி அதுதான். ரயில் ஏன் தாமதம், ஆலை ஏன் மூடல் என்று இன்றைய பின்வரிசை உறுப்பினர் கேட்கும் உரிமை அந்தக் காசாளரின் ஓட்டத்தில் பிறந்தது.

கேள்விகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தரும் வழக்கம் 1835இல் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அயர்லாந்து உறுப்பினர்கள் அதை ஆயுதமாக்கி, கேள்விமேல் கேள்வி கேட்டுக் காமன்ஸ் சபையின் நேரத்தை விழுங்கினார்கள். 1902இல் அவை முன்னவர் பால்ஃபர் அணை போட்டார். வாய்மொழிப் பதில் வேண்டுமானால் கேள்விக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும். மற்றவற்றுக்குப் பதில் அச்சில் வரும்.

இதற்குள் கேள்வி கப்பலேறியிருந்தது. 1892 சட்டம் இந்தியச் சட்டசபைக்கும் அந்த உரிமையைத் தந்தது. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சரக்கு கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் அவதிப்படுகிறார்கள் என்பது விஷயம். கூப்பரின் கேள்வியைவிட எனக்கு இதுவே பிடித்தது; ஒரு பேரரசின் சபையில் முதலில் ஒலித்தது சிறுகடைக்காரரின் குறை. ஆனால் துணைக்கேள்விக்கு இடமில்லை. மழுப்பலான பதில் வந்தாலும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த உரிமை 1909இல்தான் கிடைத்தது. 1921இல் நட்சத்திரமும் வந்து சேர்ந்தது. மக்களவையில் இன்றும் அது உண்டு.

1948இல் பிரிட்டன் ரயில்வேயை அரசுடைமையாக்கியதும் விசித்திரமான சிக்கல் எழுந்தது. ரயில் அரசின் சொத்து. ஆனால் அன்றாட நிர்வாகம் வாரியத்தின் வேலை என்று அமைச்சர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள். டெல்லியில் கதை வேறு. அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியதை 1957இல் உறுப்பினர்கள் துருவினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சியின் பின்வரிசைக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார்.

கேள்வியோடு அதன் நோயும் பயணப்பட்டது. காசுக்குக் கேள்வி கேட்கும் ஊழல் 1994இல் லண்டனில் வெடித்தது. 2005இல் டெல்லியில் அதே குற்றத்துக்காக 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள்.

2016இல் டாடா ஸ்டீல் தன் பிரிட்டன் ஆலைகளை விற்க முனைந்தபோது, போர்ட் டால்பட் ஆலை அமைந்த ஆபரவன் தொகுதியின் உறுப்பினர் ஸ்டீபன் கின்னாக் பின்வரிசையிலிருந்து எஃகைப் பற்றி விடாமல் கேட்டார். ஜாம்ஷெட்பூரில் வேர்விட்ட நிறுவனத்தின் கணக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் கேள்வியாயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் டால்பட்டின் கடைசி ஊது உலையும் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வரும், அரசு 50 கோடி பவுண்டு தரும் மின் உலை எப்போது ஓடும், எத்தனை பேருக்கு வேலை தரும் என்பது அந்த ஊரின் இன்றைய கேள்வி.