சி ரூசாக் கரையும் காலை மழையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மலையும் மேடும் மிகுதி, கடற்கரையோ குறுகியது. தீபகற்பத்தின் முதுகெலும்பெனத் தக்க தித்திவாங்சா மலைத்தொடர் இம்மாநிலத்தில்தான் தாழ்ந்து அடங்குகின்றது. அதன் மேற்கே, போர்ட்டிக்சனுக்குத் தெற்கில் மலாக்கா நீரிணையைப் பார்த்துக் கிடப்பது சி ரூசா. 'ரூசா' என்பது மலாய்மொழியில் கடமானைக் குறிக்கும் சொல். மான் போய், காடும் போய், பெயர் மட்டும் எஞ்சியது.

இக்கரையின் அமைப்பு விந்தையானது. கிள்ளான் பகுதியைப் போல் அகன்ற சேற்றுச் சமவெளி இங்கில்லை. சிறு குன்றுகள் கடலருகே வந்து நிற்கின்றன. அவற்றினிடையே ஓடைகளும், கழிமுகங்களில் அலையாத்திக் காடுகளும் உள்ளன. தெற்கே லிங்கி ஆறு கடலில் கலக்கின்றது. ஈயம் சுமந்த படகுகளுக்கு அவ்வாறே நெடுங்காலம் சாலையாக விளங்கிற்று. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது ஆற்றின் பெருமை குன்றியது. ஈயத்துக்காக இட்ட அப்பாதை, சில ஆண்டுகளில் ரப்பருக்கும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றுகளின் காடு வெட்டி எரிக்கப்பட்டது. பால்மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. அந்நிரைகளுக்குள் வாழ வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

காட்டை அழித்தால் காய்ச்சல் ஒழியும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. அது முழுப் பொய்யன்று. 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டியபோது மலேரியா பெரிதும் தணிந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழல் படிந்த தேங்குநீரில் வளர்வது. ஆனால் குன்றுநிலத்தில் அதே செயல் நேர்மாறான பயனைத் தந்தது. அங்குள்ள மற்றொரு வகைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடையே தொட்டில். மரம் வீழ்ந்ததும் ஓடைமேல் வெயில் விழுந்தது, கொசு பெருகியது, லயங்களில் காய்ச்சல் பரவியது. காடு வெட்டிய கைகளே அக்காய்ச்சலில் நடுங்கின. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மறைத்தும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் நோயை அடக்கும் வழி பின்னரே கண்டறியப்பட்டது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் குலைந்தன! தோட்ட வரலாற்றை விலையும் விளைச்சலுமாக மட்டும் எழுதுவோர், இந்த ஓடைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி மழை. வடகிழக்குப் பருவக்காற்றின் பெருமழையைக் கிளந்தான், திரங்கானு கரைகளே ஏற்கின்றன; நடுமலைத்தொடர் மேற்குக்கரையை மறைத்துக் காக்கின்றது. இங்கே பருவமாற்றக் காலங்களில்தான் மழை மிகுதி. அதுவும் பெரும்பாலும் பிற்பகலில் பெய்வது. அது வெட்டு முடிந்து பால் சேர்ந்தபின் வருவதால் தீங்கு குறைவு. துன்பம் தருவது தென்மேற்குப் பருவத்தில், நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் பாய்ந்து வரும் புயற்காற்று மழையே. வந்த திசையைக் கொண்டு அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர்.

பால்மரத்தின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்குளிரில் மரத்துள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் தடையின்றி ஒழுகும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆகவேதான் இருளிலேயே பெரட்டுக் களத்தில் நிற்க நேர்ந்தது. அந்நேரத்தில் பட்டை நனைந்துவிட்டால் பால் மங்கில் விழாது. மரத்தில் வழிந்து வீணாகும். வெட்டில்லாத நாளில் முழுக் கூலியும் இல்லை. மாசி, பங்குனியில் மரம் இலையுதிர்க்கும்போது பாலும் சுருங்கும். தோட்டத் தொழிலாளர் சங்கம் பிற்காலத்தில் மாதச் சம்பளம் கேட்டுப் போராடியதன் பின்னால், வானத்தை நம்பி அடுப்பெரித்த இந்த வாழ்வு இருந்தது.

அதே இலையுதிர் நாட்களில் அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனையில் வேறொரு காட்சி நிகழ்கின்றது. சுமத்ராவில் தங்கியிருந்த தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து, ஆயிரக்கணக்கில் வடதிசை நோக்கித் திரும்புகின்றன. கடல்மேல் களைத்து வருபவை, வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் சுழன்று ஏறி உயரம் பெறுகின்றன. பால் வற்றச் செய்யும் வெயிலே பறவைக்கு ஏணி.

1960களில் போர்ட்டிக்சன் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பின்னர் விடுதிகள் பெருகின. ரப்பர் நிரைகள் பலவற்றில் செம்பனை இடம்பிடித்தது. செம்பனைக் குலையை அறுக்க விடியற்குளிர் தேவையில்லை. காலை மழை அதற்குப் பெரும் பகையுமன்று. சுமத்ராக் காற்று இன்றும் அவ்வாறே இருளில் வருகின்றது. அதன் இரைச்சல் கேட்டு, இன்று வேலை உண்டோ இல்லையோ என லயத்து வாசலில் நின்று வானம் பார்த்தவர்களின் பிள்ளைகளோ, சிரம்பானிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர்.