தொப்பிக்குள் இட்ட பெயர்கள்

1998 ஏப்ரலில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றிய கட்டுரை ஒன்றுக்காகக் கந்தப்பளைக்குச் சென்றிருந்தேன். தங்கியது நுவரெலியாவில். கொழும்பிலிருந்து உடன் வந்திருந்த நண்பர் ஒருவர், கணக்காய்வாளர், சனிக்கிழமை காலையில் என்னைக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது, இன்றும் தெரியாது. உடன் நடந்து பார்க்கலாம் என்பதே அழைப்பு.

நண்பர் தனியாகத்தான் ஆட வந்திருந்தார். வரிசையை ஒழுங்கு செய்பவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவரை முன்பின் அறியாத மூவருடன் சேர்த்துவிட்டார். ஒருவர் மருத்துவர். மற்றவர் ஓய்வு பெற்ற தோட்ட முகாமையாளர். மூன்றாமவர் சுற்றுலாவுக்கு வந்த வெள்ளையர். கைகுலுக்கினார்கள், பெயர் சொன்னார்கள், நடக்கத் தொடங்கினார்கள். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் எது, யார் மகன், எந்தப் பக்கத்து உறவு என்று விசாரித்து முடித்த பிறகே நாற்காலியை இழுத்துப் போடும் சமூகத்தில் பிறந்த எனக்கு இது வியப்பாக இருந்தது. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே தேடத் தொடங்கினேன். தேடல் என்னை மீண்டும் கந்தப்பளைக்கே கொண்டுவந்து விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோல்ஃபுக்கு எழுத்தில் அமைந்த முதல் விதிகள் 1744-இல் எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்னும் இடத்தில் வகுக்கப்பட்டன. மொத்தம் பதின்மூன்று விதிகள். தொடக்க காலத்தில் அது ஒருவருக்கொருவர் எதிராகவோ, இருவர் இருவராகச் சேர்ந்தோ ஆடும் ஆட்டமாகவே இருந்தது. இதன் எச்சமாக ஒரு வாசகம் நெடுங்காலம் ஆட்ட ஒழுக்க விதிகளில் நீடித்தது: தனியாக ஆடுபவருக்கு மைதானத்தில் எந்தத் தகுதியும் இல்லை, பின்னால் வரும் எந்த அணிக்கும் அவர் வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது அதன் பொருள். 2004-இல்தான் இதை நீக்கினார்கள். அதுவரை, துணையின்றி வந்தவர் நிம்மதியாக ஆட வேண்டுமானால் யாருடனாவது சேர்ந்தே ஆக வேண்டும்.

யாருடன் சேர்வது? பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டு எடுப்பார்கள். அல்லது நால்வரின் பந்துகளையும் வாங்கி ஒருவர் மேலே எறிவார். அருகருகே விழுந்த இரண்டு பந்துகளுக்கு உரியவர்கள் ஒரு பக்கம். இரண்டு முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன. வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரரின் திறனைக் குறிக்கும் ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லே தொப்பியிலிருந்து பிறந்ததுதான். ‘தொப்பிக்குள் கை’ என்ற பெயரில் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பந்தய விளையாட்டு இருந்தது. மதிப்புக் குறைந்த பொருளைக் கொடுப்பவர் ஈடாகக் கொஞ்சம் பணமும் சேர்த்துத் தரவேண்டும். அந்தச் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போய், அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது.

அறியாதவர்களை இணைக்க முடிவது இந்த ஹேண்டிகேப்பினால்தான். 70 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தை ஒருவர் வழக்கமாக 88 அடிகளில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 18 அடிகள் சலுகையாகக் கழிக்கப்படும். ஆகவே அவர் தேர்ந்த ஆட்டக்காரருடனும் சமமாக நின்று மோதலாம். கிரிக்கெட்டில் தெருப் பையன் ஒருவனை முரளிதரனுக்கு எதிரே நிறுத்தினால் அது ஆட்டமாகாது. கோல்ஃபில் ஆகும். இன்னொன்றும் உண்டு. சாதாரண வார இறுதி ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தன் அடிகளைத் தானே எண்ணி, தன் பிழையைத் தானே சொல்ல வேண்டும். சற்று முன்னர் அறிமுகமானவரின் நாணயத்தை நம்பித்தான் முழு ஆட்டமும் நடக்கிறது.

இந்த ஆட்டத்தை ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும் சென்ற இடமெல்லாம் கொண்டு சென்றனர். கல்கத்தாவில் 1829-இல் கழகம் அமைந்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அதுவே என்பர். கொழும்பில் 1880-இல் காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கினர். நுவரெலியாக் கழகம் 1889-ஐச் சேர்ந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1885-இல், புகையிரதம் நானுஓயா வரை வந்திருந்தது. கோப்பியை இலைநோய் அழித்து, அந்த இடத்தைத் தேயிலை நிரப்பிக்கொண்டிருந்த காலம். பிதுருதலாகல மலையின் அடிவாரத்தில், ஓடைகள் குறுக்கிடும் பசும்புல் வெளி ஸ்கொட்லாந்துக்காரருக்குத் தம் ஊரைப் போலவே தோன்றியிருக்க வேண்டும். மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் மேஜர் ரோஜர்ஸ் அடங்கியிருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். அவர் கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று ஊரார் சொல்வார்கள். யானைகளின் பழி என்பது அவர்கள் விளக்கம்.

கந்தப்பளைக்கு வருவோம். கோட்லோஜ், கொன்கோடியா, பார்க், எஸ்க்டேல், ஹெதர்செட் என்று அங்குள்ள தோட்டங்களின் பெயர்களைச் சொன்னாலே நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்ற ஐயம் வரும். மலைமீது பங்களா, அதில் ஒரு துரை. சுற்றிலும் தேயிலை. விடிவதற்கு முன் பெரட்டுக் களம், பிறகு மலை, பிறகு தொழிற்சாலை, பிறகு கணக்கு. கங்காணியுடனும் கணக்கப்பிள்ளையுடனும் பேசுவது வேலைப் பேச்சு. பெரிய துரையும் சின்னத்துரையும்கூட மனம்விட்டுப் பழக முடியாத படிநிலை. அடுத்த பங்களாவின் விளக்கு கண்ணுக்குத் தெரியும். ஆனால் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போக அரை நாள் ஆகும். அந்தத் தனிமையைக் குடியில் கரைத்தவர்கள் பலர். வார இறுதியில் நுவரெலியாவுக்கு இறங்குவது அவர்களுக்கு மருந்து.

1903-இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904-இல் கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் குறுகிய பாதை ரயில் ஓடத் தொடங்கியது. தேயிலைப் பெட்டிகளுக்காகப் போட்ட பாதைதான். துரைமாருக்கும் அது வசதியாயிற்று. மைதானத்தில் தொப்பிக்குள் பெயர் விழுந்துவிட்டால் படிநிலை சற்று நேரம் தளரும். தன் பெரிய துரைக்கு எதிராகவே ஒரு சின்னத்துரை ஆட நேரலாம்; அவரை வெல்லவும் செய்யலாம். திங்கட்கிழமைக் காலையில் அந்த வெற்றிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

ஆனால் தொப்பிக்குள் எல்லாருடைய பெயரும் விழவில்லை. நுவரெலியாவின் ஹில் கிளப் 1876-இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்காக உருவானது. சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் இலங்கையருக்கு அதன் கதவு திறக்கவில்லை. வெள்ளையரே ஆன நால்வரைக் குலுக்கிப் போட்டு ‘யாருடனும் யாரும் ஆடலாம்’ என்று பெருமைப்பட்டுக்கொண்ட காலம் அது.

அந்த நால்வருடன் மேலும் நால்வர் நடந்தார்கள். பை சுமந்தவர்கள். ஆங்கிலத்தில் ‘கேடி’. பிரெஞ்சு மொழியில் இளையவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. எடின்பரோ நகரில் கடிதம் கொண்டுபோவோரையும் சுமை தூக்குவோரையும் அப்படி அழைத்தார்கள். தமிழ்நாட்டில் ‘கேடி’ என்றால் பொலிஸ் பதிவேட்டில் பெயர் உள்ளவன். நம் பிள்ளைகளுக்குத்தான் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

கந்தப்பளைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அத்தகைய பெரியவர் ஒருவரை அதே பயணத்தில் சந்தித்தேன். எழுபது வயதிருக்கும். வீடு ஒழுகுவதைக் காட்ட அழைத்தவர், நான் காலையில் கோல்ஃப் பார்த்த கதையைச் சொன்னதும் வீட்டை மறந்துவிட்டார். பத்து வயதில் ரயில் பாதையோரமாக இருட்டில் நடந்து நுவரெலியாவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எந்தத் துரையின் பை தனக்கு வரும் என்பது அவர் கையில் இல்லை. வரிசை எப்படி விழுகிறதோ அப்படி. “அவங்களுக்குத் தொப்பி ஐயா, எங்களுக்கு வரிசை” என்றார்.

“நாலு பேரும் யார் யாருன்னு அவங்களுக்கே காலையிலதான் தெரியும். எங்களுக்கு நாலு பேரையும் தெரியும். இவருக்குப் பந்து எடது பக்கம் போகும், அவருக்கு ஓடைன்னா பயம், எல்லாம் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க எங்களத்தான் மெதுவா கேப்பாங்க, அவரு எப்படிடான்னு.”

பந்தைக் காலால் நகர்த்தியவர்கள் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். “அந்த நேரம் நாங்க மரத்தப் பாப்போம்.”

நடுவரில்லாத ஆட்டத்துக்கு இவ்வாறு நான்கு சாட்சிகள் இருந்தார்கள். அவர்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

1948-இல் கந்தப்பளை வழியாகச் சென்ற ரயில் பாதை மூடப்பட்டது. அதே ஆண்டில் வந்த 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. அதையும் 1974-இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்திருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடுமாக விழுந்த குடும்பங்களை நான் அறிவேன். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பை சுமந்தவன் ஆட்டக்காரனானால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது இலங்கையில் அல்ல, தென்னாபிரிக்காவில் நிகழ்ந்தது. நம்மவர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றார்கள். அந்த இந்திய வம்சாவளியில் டர்பனில் பிறந்தவர் செவ்சங்கர் செகோலும். ‘பாப்வா’ என்று அழைக்கப்பட்டவர். கேடியாக வேலை செய்தவர். மட்டையைப் பிடிப்பதில் எல்லாருக்கும் மேலே இருக்கும் கை இவருக்குக் கீழே இருக்கும். யாரும் கற்றுக்கொடுக்காததன் விளைவு. இவர் யாருக்குப் பை சுமந்தாரோ, அந்த கிரஹாம் வுல்ஃப் என்பவரே இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959-இல் டச்சு ஓபன் போட்டியில் வென்றார்; 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார். சொந்த ஊரில் 1963-இல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டம் காரணமாகக் கழகக் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியவில்லை. மழையில் வெளியே நிற்க வைத்தே கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே போட்டியில் கேரி பிளேயரையும் முந்தினார். அதன் பிறகு அவரை ஆடவே விடவில்லை.

இலங்கையில் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். 1992-இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1996-இல் ஹோட்டலாகியது. மைதானத்தில் இப்போது உறுப்பினரல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலில் நந்தசேன பெரேரா, மிதுன் பெரேரா ஆகியோருடன் தங்கராஜா, பிரபாகரன் என்ற பெயர்களும் இடம்பெற்றுவிட்டன. அந்தப் பெயர்களைப் பத்திரிகையில் கண்டபோதெல்லாம் அந்த லயத்துப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

அவரும் ஆடியிருக்கிறார். கேடிகள் ஆடுவதற்குத் திங்கட்கிழமையை ஒதுக்கும் வழக்கம் பல கழகங்களில் உண்டு. துரைமார் தூக்கி எறிந்த மட்டை ஒன்றிரண்டு. மற்றவை தேயிலைக் கட்டையைச் சீவிச் செய்தவை. யார் யாருடன் சேர்வது என்பதற்குத் தொப்பிதான். துரைமாரிடம் பார்த்துப் பழகியது. சீட்டில் பெயர் எழுதும் அளவுக்குப் படித்தவர்கள் இல்லாததால், நீளக் குச்சி இரண்டு, குட்டைக் குச்சி இரண்டு போட்டு எடுப்பார்களாம். முதல் நாள் தமக்கு இணையாக வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பையன் என்றும், முன்பு பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். பிறகு முப்பது ஆண்டுகள் நட்பு.

அந்த நண்பரின் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டம் ஒன்றில் குடியேறினார். ஒரே ஒரு கடிதம் வந்ததாம். ஊட்டியிலும் கோல்ஃப் மைதானம் இருப்பதாகவும், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தாராம்.

“நீங்க ஊட்டிக்குப் போயிருக்கீங்களா ஐயா?” என்று கேட்டார். போயிருக்கிறேன் என்றேன்.

“அங்க திங்கக்கிழம விடுவாங்களா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.