சம்பளம் ஒருமையா, பன்மையா?

நம் பள்ளியின் பொன்விழா மலருக்கு ஆங்கில இலக்கணம் பற்றி எழுதித் தர வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டதை என் பாக்கியமாகக் கருதுகிறேன். எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமை, பன்மையானால் பன்மை என்ற விதியை இங்கே படித்த எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த விதியின் ஆழத்தை எனக்குக் காட்டியது திருமறை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில வேதாகமத்தில் ரோமர் 6:23ஐ எடுத்துப் பாருங்கள். பாவத்தின் சம்பளத்தைச் சொல்லும் அந்த வசனத்தில் எழுவாய் 'வேஜஸ்', வினையோ 'இஸ்'. மாணவப் பருவத்தில் அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன். அப்படி அல்ல. அக்கால ஆங்கிலத்தில் 'வேஜஸ்' ஒருமையாகவும் வழங்கியது. அங்கே கிடைப்பது ஒரே பலன்தான் என்பதால் ஒருமை வினை பொருளுக்கும் பொருந்தி நிற்கிறது.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் அலங்கார வாசலில் இருந்த சப்பாணி பிச்சை கேட்கிறான். அங்கே 'ஆம்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒருமைக்கே உரிய 'ஆன்' வந்திருக்கிறது. இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து 'ஆம்ஸ்' ஆயிற்று. அதன் ஈற்றில் உள்ள 'எஸ்' பகுதியைச் சேர்ந்தது, விகுதி அன்று. பிரெஞ்சிலிருந்து வந்த 'ரிச்சஸ்' என்ற சொல்லும் இவ்வாறே. வெளிப்படுத்தின விசேஷம் 18:17இல் அது ஒருமை வினை கொண்டு முடிகிறது. பட்டாணிக்கு நேர்ந்தது வேறு. 'பீஸ்' என்ற ஒருமைச் சொல்லைப் பன்மை என்று மயங்கிய மக்கள், ஈற்றொலியை நீக்கி 'பீ' என்று புதிய ஒருமை செய்துகொண்டார்கள்.

ஆதியாகமத்தின் முதல் வசனம் இன்னும் வியப்பானது. எபிரெய மூலத்தில் 'ஏலோஹீம்' வடிவால் பன்மை. அதன் வினை ஒருமை. நம் தமிழ் வேதாகமத்திலோ 'தேவன்' ஒருமை. அதன் வினை 'ஆர்' விகுதி பெற்ற உயர்வுப் பன்மை. பெயரும் வினையும் இரு மொழிகளிலும் இடம் மாறி நின்று ஒரே கர்த்தரைத் தொழுகின்றன. இதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழும்.

இலக்கண ஆசிரியர்களில் நான் போற்றுபவர் ராபர்ட் லோத். எபிரெயக் கவிதையில் வல்லவர். பின்னாளில் லண்டன் பேராயர். 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் 'யூ வாஸ்' என்ற அக்கால வழக்கை அவர் கண்டித்தார். 'யூ' பிறப்பால் பன்மை. ஒருவரை நோக்கிச் சொன்னாலும் 'யூ வேர்' என்பதே முறை. ஒருவரிடமே பேசினாலும் 'நீங்கள் வந்தீர்கள்' என்னும் நமக்கு இது விளங்காததா?

'நியூஸ்' ஒருமை, 'போலீஸ்' பன்மை என்பதெல்லாம் பாடநூலிலேயே உண்டு. நாம் தவறும் இடத்துக்குக் காரணம் நம் தமிழ் மரபு. 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' என்று வினையைக் கொண்டே எண்ணை அறியும் பெயரை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்றார். அந்த மரபில் வந்த நாம் 'பத்து மாடு' என்போம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'எஸ்'ஸை விட்டுவிடுகிறோம்.

மாணவச் செல்வங்களே, ஆங்கில வேதாகமத்தை நாளுக்கு ஓர் அதிகாரம் வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு வினையிலும் நின்று அதன் எழுவாயைத் தேடுங்கள். ரோமர் 6ஆம் அதிகாரத்திலிருந்தே தொடங்கலாம்.