ரகீம் ஆசிரியர்



எங்கள் சாத்தான்குளத்துத் தேரிமண்ணில் மாலைதோறும் பந்து உதைக்கும் சிறுவர்களிடம், ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா காற்பந்தில் தங்கம் வென்றதுண்டா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டார்கள். இருமுறை வென்றிருக்கிறோம்; இருமுறையும் பயிற்சியாளர் ஒருவரே; அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்றேன். சிரிப்பு நின்றது.

சையத் அப்துல் ரகீம் 1909-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். பள்ளிகளில் பாடம் நடத்தியவர். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியும் கற்றவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவர் கையாண்டது வகுப்பறை முறையே. ஒரு காலையே நம்பி ஆடுவோருக்கு, மற்றக் காலால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்னும் விதியோடு தனிப் போட்டி நடத்துவார். பந்தைப் பிறருக்குத் தராமல் வித்தை காட்டுவோருக்கு, பந்தோடு ஓடவே கூடாது என்று இன்னொரு போட்டி! கையெழுத்துக் கோணிய மாணவனை இரட்டைக்கோட்டு நோட்டில் எழுதவைத்த என் போன்றோர்க்கு இதில் வியப்பில்லை, பொறாமைதான் உண்டு.

1951-இல் தில்லியில் முதல் தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றனர். ரகீம் அந்த அடியைப் பாடமாகக் கொண்டார். 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி என்னும் பெருமையை இந்தியா பெற்றது. அங்கும் எதிரே நின்றது யுகோஸ்லாவியாவே. தோற்றோம், ஆனால் இம்முறை 4-1.

1962-இல் ஜகார்த்தா. தைவானும் இஸ்ரேலும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால், அந்நகர மக்கள் நம் அணியின்மீது சினங்கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அடுத்து, பின்களத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போடவேண்டியதாயிற்று. வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரகீமோ அவரை முன்களத்தில் நிறுத்தினார்! இறுதி ஆட்டத்துக்கு முன்னிரவு, உங்களிடம் ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கம் வென்று தாருங்கள் என்று அவர் கேட்டதாக வீரர்கள் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிக் கண்கலங்கினர். செப்டம்பர் 4 அன்று, அரங்கம் முழுதும் கூச்சலிட, அதே தென்கொரியாவை 2-1 என வென்றோம். பி.கே. பானர்ஜி ஒரு கோல். தையலிட்ட தலையோடு ஜர்னைல் சிங் மற்றொன்று. இலக்கைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அன்று நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்கள் என்றும் நம்மவர் நினைவுகூர்வர்.

நான் அப்பொழுது கைக்குழந்தை. ரகீமின் உடலிலோ புற்றுநோய் வேரூன்றியிருந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் மறைந்தார், வயது 53. இந்திய ஆடவர் அணி அதன்பின் அந்தத் தங்கத்தைத் தொட்டதில்லை.

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லாத காலம் அது. ஆகவே ரகீமின் புகழ் அவரிடம் பயின்றவர்களின் நாவிலேயே பெரிதும் வாழ்ந்தது. அந்த நினைவுகளைத் தேடித் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் நோவி கபாடியா. அவரும் ஆசிரியரே, தில்லிக் கல்லூரியொன்றில் ஆங்கிலப் பேராசிரியர். தொலைக்காட்சியில் ஆட்டத்தை வருணிக்கும்போது, பழைய வீரர் ஒருவரின் கதையை இடையில் நுழைத்துவிடுவது அவர் வழக்கம். ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்களாம். இந்தியக் காற்பந்தின் வரலாற்றை 2017-இல் நூலாகவும் தந்தார். காலம் தாழ்த்தாமல் செய்தார் என்றே சொல்லவேண்டும். ஏனெனில் 2020-இல் மார்ச்சில் பானர்ஜியும், ஏப்ரலில் ஜகார்த்தா அணித்தலைவர் சுனி கோஸ்வாமியும் மறைந்தனர். 2021 நவம்பரில் கபாடியாவும் சென்றுவிட்டார்.

2024-இல் ரகீமின் வாழ்க்கை ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படமாக வந்தது. தேரிச் சிறுவர்களுக்கு அதைப் பற்றிச் சொன்னேன். மற்றக் கால் போட்டியை முதலில் ஆடிப் பார்க்கிறோம் ஐயா, படத்தைப் பிறகு பார்க்கிறோம் என்றான் ஒருவன்.