வாழ்நாள் தடை 7 ஆண்டாக குறைந்தது எப்படி? ஸ்ரீசாந்த் வழக்கு: முழு விவரம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில ஒரு தொழிலாளி தப்பு செஞ்சுட்டார்னு வெச்சுக்குவோம். மெமோ கொடுத்து, விசாரணை நடத்தி, தப்பு உறுதியாச்சு. அதுக்காக வேலையை விட்டே தூக்கலாமா? அது தனிக் கேள்வி. தண்டனை அதிகம் என்றால் குறைக்கும் அதிகாரத்தை, தொழில் தகராறு சட்டத்தில் 1971-ல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.

ஐபிஎல் வீரருக்கும் இந்த நியாயம் உண்டா?

என்ன நடந்தது?

2013 மே மாதம், ஸ்பாட் ஃபிக்சிங் புகாரில் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர் ஸ்ரீசாந்த் கைதானார். செப்டம்பரில் பிசிசிஐ அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

கோர்ட் விடுவித்தும் தடை நீடித்தது ஏன்?

2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் அவரை குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனால் குற்ற வழக்குக்கு சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் தேவை. வாரியத்தின் உள்விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் தடை தானாக நீங்கவில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2019 மார்ச் 15-ல் வந்த தீர்ப்பு, ஸ்ரீசாந்த் தப்பு செய்தார் என்ற முடிவில் தலையிடவில்லை. தண்டனையை மட்டும் ரத்து செய்தது. காரணம், பிசிசிஐ விதிப்படியே தடை 5 ஆண்டு முதல் வாழ்நாள் வரை இருக்கலாம். தண்டனையை கூட்டும், குறைக்கும் அம்சங்களைப் பார்க்காமலேயே ஒழுங்கு நடவடிக்கைக் குழு உச்சபட்ச தண்டனைக்குப் போய்விட்டது.

பிறகு பிசிசிஐ குறைதீர்ப்பாளரான ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே.ஜெயின், தடையை 7 ஆண்டாக குறைத்தார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தபோது ஸ்ரீசாந்துக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு அதில் பெரும்பகுதி காலம் போயே போச்சு!

சிஎஸ்கே விஷயத்தில்?

சூதாட்டப் புகாரில் 2015 ஜூலை 14-ல் நீதிபதி லோதா குழு, குருநாத் மெய்யப்பனுக்கு வாழ்நாள் தடை விதித்தது. அதோடு சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கும் 2 ஆண்டு தடை. எந்தத் தப்பும் செய்யாத தோனி, அஸ்வின் புனே அணிக்கும், ரெய்னா, ஜடேஜா குஜராத் அணிக்கும் போனார்கள். அணி நிர்வாகம் பொறுப்பேற்கணும் என்பது நியாயம்தான். ஆனா ரெண்டு சீசன் சென்னை அணியே இல்லாத ஐபிஎல்லைப் பார்த்தது ரசிகர்கள்!

அடுத்த முறை தடை பற்றிய செய்தி வந்தால், 'தப்பு செஞ்சாரா?' என்பதோடு 'அந்தத் தப்புக்கு இவ்வளவு தண்டனையா?' என்பதையும் சேர்த்தே கேளுங்க.